பொருள் வருமுன் முழுப்பணமும் கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

இழைநூல்

வணக்கம். பைண்டிங் கூடம் நடத்துகிறேன். இரண்டு பேர் மட்டுமே வேலை செய்யும் சிறிய இடம். இத்தனை நாள் கையால் அழுத்தி வெட்டும் பழைய இயந்திரத்தை வைத்தே சமாளித்துவிட்டேன். இனி முடியாது என்று மணிக்கட்டு சொல்லிவிட்டது. ஹைட்ராலிக் கட்டிங் மெஷின் ஒன்று வாங்குவதற்காக வேறொரு நாட்டில் இருக்கும் தயாரிப்பாளரிடம் பேசி முடித்திருக்கிறேன். என் தேவைக்கேற்ப மேசையை அகலப்படுத்திச் செய்து தருவார்கள். பத்து வாரம் ஆகும்.

சிக்கல் பணத்தில் வந்து நிற்கிறது. முழுத் தொகையையும் இப்போதே வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் 8 விழுக்காடு தள்ளுபடி தருவார்களாம். பாதி இப்போது, பாதி பொருள் வந்த பிறகு என்று கேட்டுப் பார்த்தேன். "எங்கள் நடைமுறை இதுதான்" என்று பதில் வந்தது. நான்கு ஆண்டுச் சேமிப்பு இது. அந்த விற்பனை அலுவலர் மரியாதையாகப் பேசுகிறார், கேட்ட கேள்விக்கெல்லாம் அன்றே பதில் எழுதுகிறார். அவரைச் சந்தேகிக்க மனம் வரவில்லை, பணத்தை அனுப்பக் கையும் வரவில்லை. இப்படி முழுப்பணம் கட்டி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள்.

கரையோரம்

அனுப்பாதீர்கள்.

அந்த 8 விழுக்காட்டைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 92 கொடுக்கிறீர்கள், பத்து வாரம் கழித்து 100 பெறுமானமுள்ள பொருள் வருகிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 40 விழுக்காட்டைத் தாண்டிய வட்டி. வங்கியில் கடன் கிடைக்கிற தொழிற்சாலை எதற்காக இந்த வட்டிக்கு உங்களிடம் பணம் வாங்க வேண்டும்? ஒன்று, வங்கி அவர்களுக்குக் கொடுக்கவில்லை. அல்லது, பொருளே வரப்போவதில்லை என்பதால் எந்தத் தள்ளுபடியும் அவர்களுக்கு நட்டமில்லை.

பழைய படிக்கட்டு

சகோதரி, கரையோரம் சொன்ன முதல் காரணம் எனக்கு நேர்ந்தது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வீடு கட்டியபோது கதவு, சன்னல், அலமாரி எல்லாவற்றையும் ஒரே தச்சுப் பட்டறையில் கொடுத்தேன். தள்ளுபடிக்காக முழுப்பணமும் முன்னதாகவே கட்டினேன். பட்டறைக்காரர் நல்ல மனிதர். இன்றும் அப்படித்தான் சொல்வேன். என் பணம் வந்த வாரம் அதை எனக்கு முன் கொடுத்திருந்தவரின் மரத்துக்குச் செலவழித்தார். அவருடைய பணம் அவருக்கும் முந்தையவரின் வேலையில் போயிருந்தது. இப்படியே ஒவ்வொரு புது வாடிக்கையாளரும் பழைய வாடிக்கையாளரின் அலமாரியைக் கட்டிக்கொண்டிருந்தோம், எங்களுக்கே தெரியாமல். ஒரு பருவத்தில் புது வேலை குறைந்தது. அதோடு சங்கிலி அறுந்துவிட்டது.

பட்டறையைத் திவாலாக அறிவித்தபோது என் கதவுகள் அளவெடுத்த தாளில் மட்டுமே இருந்தன. இருந்த இயந்திரங்கள் வங்கியில் அடகு. அடுத்து ஊழியர் சம்பளம், வரி. பொருளுக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த நாங்கள் எல்லோருக்கும் பின்னால் நின்றோம். பதினான்கு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. பங்கிட எதுவும் மிஞ்சவில்லை என்று இரண்டு வரி.

ஏமாற்றுக்காரனைக் கண்டுபிடிக்கும் வழிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். முகவரியைச் சரிபார், பதிவு எண்ணைப் பார், பழைய வாடிக்கையாளரிடம் கேள் என்பார்கள். அத்தனையும் செய்துதான் நான் கொடுத்தேன். எல்லாம் உண்மையாகவே இருந்தது. அவர் நல்லவரா என்று கேட்டேனே தவிர, அவரால் முடியாமல் போனால் என் கையில் என்ன இருக்கும் என்று கேட்கவில்லை.

உளிச்சத்தம்

விற்பவன் பக்கத்திலிருந்து ஒருவன் பேசியாக வேண்டும் என்பதால் எழுதுகிறேன். சிறு இயந்திரங்கள் செய்து கொடுப்பது என் தொழில்.

முழுப்பணம் கேட்கிறவர் எல்லாம் கள்ளர் அல்ல. ஒருவர் தன் அளவுக்கென்று ஒரு சட்டகம் செய்யச் சொன்னார். பெயருக்கு ஒரு முன்பணம் தந்தார். செய்து முடித்தபோது அவர் தொழிலையே விட்டுவிட்டார். அந்த அளவில் வேறு யாருக்கும் தேவையில்லை. மூன்று ஆண்டு பட்டறை மூலையில் கிடந்து, கடைசியில் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. எனக்கு இரும்பு தருகிறவரும் மோட்டார் தருகிறவரும் ரொக்கம் இல்லாமல் சரக்கை இறக்குவதில்லை. கரையோரம் சொல்கிற 40 விழுக்காட்டுக் கணக்கில் இந்த ஆபத்துக்கு இடமே இல்லை. அந்தத் தள்ளுபடி முழுவதும் வட்டி அல்ல, அதில் ஒரு பகுதி நிம்மதிக்கான விலை.

கரையோரம்

உங்கள் நிம்மதியை நான் மதிக்கிறேன் ஐயா. ஆனால் அதே நிம்மதி வாங்குபவருக்கும் வேண்டாமா? முழுப்பணமும் உங்கள் கைக்கு வந்துவிட்டால் மொத்த ஆபத்தும் அவர் தலையில். குடுமி உங்கள் கையில். அவர் உங்களிடம் கேட்க முடியுமே தவிர, எதையும் நிறுத்திவைக்க முடியாது.

உளிச்சத்தம்

அதை மறுக்கவில்லை. நான் முழுப்பணம் கேட்பதில்லை என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. வாங்குபவர் இன்று காணாமல் போனால் எனக்கு எவ்வளவு நட்டம்? வேலை தொடங்கும் நாளில் அது வாங்கிப்போடும் இரும்பு, மோட்டாரின் விலை. பாதி வேலையில் அதோடு கூலியும் சேரும். முடிந்த நாளில் ஏறக்குறைய முழு விலை. எந்த நாளிலும் அந்த நட்டத்துக்கு ஈடான பணம் என்னிடம் இருந்தால் போதும். அதற்குமேல் ஒருவர் கேட்டால், அவர் கேட்பது பாதுகாப்பை அல்ல, தன் பட்டறையை நடத்த உங்கள் மூலதனத்தை. இந்த இடத்தில் நானும் கரையோரமும் ஒரே பக்கம்தான்.

பெரிய தொழிலில் இதைத்தான் செய்கிறார்கள். கப்பல் கட்டும் ஒப்பந்தங்களில் விலையைத் தவணைகளாகப் பிரிப்பது வழக்கம்: கையொப்பமிடும்போது ஒன்று, எஃகு வெட்டத் தொடங்கும்போது ஒன்று, அடிக்கட்டை வைக்கும்போது ஒன்று, நீரில் இறக்கும்போது ஒன்று, ஒப்படைக்கும்போது கடைசித் தவணை. ஒப்படைப்புக்கு முன் வாங்கும் தவணைகளுக்குக் கட்டுமானத் தளம் வங்கியின் திருப்பிச் செலுத்தும் உத்தரவாதத்தைக் கொடுக்கும். தளம் திவாலானால் அந்த வங்கி பணத்தைத் தர வேண்டும். கப்பல் வாங்குகிறவரே இப்படி எச்சரிக்கையாக இருக்கும்போது, கட்டிங் மெஷின் வாங்குகிறவர் வெட்கப்பட ஒன்றுமில்லை சகோதரி. நேராகவே கேளுங்கள்.

வங்கி மேசை

வங்கியின் வெளிநாட்டு வணிகப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவன். உத்தரவாதம் என்ற சொல் வந்துவிட்டதால் சிலவற்றைத் தெளிவுபடுத்துகிறேன்.

முதலில், சாதாரணக் கணக்கு மாற்றம். இதுதான் விற்பவர் உங்களிடம் கேட்பது. பணம் அவர் கணக்கில் சேர்ந்துவிட்டால் உங்கள் வங்கி அதைத் தானாகத் திருப்பி எடுக்க இயலாது. திரும்பத் தாருங்கள் என்று அந்த வங்கிக்கு வேண்டுகோள் அனுப்பலாம். பெற்றவர் சம்மதிக்காவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. முழுப்பணத்துக்கு இதைவிட மோசமான பாதை ரொக்கத்தை உறையில் போட்டு அனுப்புவது மட்டும்தான்.

அடுத்து எல்.சி. என்று நாங்கள் சொல்லும் கடனுறுதிக் கடிதம். உங்கள் வங்கி, "இன்ன இன்ன ஆவணங்கள் சரியாக வந்தால் பணம் தருகிறேன்" என்று விற்பவருக்கு வாக்குக் கொடுக்கிறது. சரக்கு கப்பலில் ஏறியதற்கான சான்று, விலைப்பட்டியல், காப்பீடு போன்றவை வந்த பிறகே பணம் போகும். பன்னாட்டு வணிகச் சம்மேளனத்தின் யூ.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பு 2007 ஜூலை முதல் இதற்கு அடிப்படையாக இருக்கிறது. அதன் 5-ஆம் விதியைப் பலர் கவனிப்பதில்லை: வங்கி கையாள்வது ஆவணங்களை, சரக்கை அல்ல. பெட்டிக்குள் மெஷினுக்குப் பதிலாகச் செங்கல் இருந்தாலும் தாள்கள் சரியாக இருந்தால் வங்கி பணம் கொடுத்துவிடும். அதனால் கேட்கும் ஆவணங்களில், நீங்கள் தேர்ந்தெடுத்த சோதனை நிறுவனம் சரக்கை நேரில் பார்த்துத் தரும் சான்றிதழையும் சேருங்கள். ஒரு வரிதான், ஆனால் எல்.சி.யின் ஓட்டையை அடைக்கும் வரி.

விற்பவர் முன்பணம் இல்லாமல் அசையவே மாட்டேன் என்றால் முன்பண உத்தரவாதம் கேட்கலாம். பொருள் வராவிட்டால் நீங்கள் கட்டிய தொகையைத் தருவதாக அவருடைய வங்கி உங்களுக்கு எழுதிக் கொடுப்பது. இதில் ஒரு எச்சரிக்கை. விற்பவர் மின்னஞ்சலில் அனுப்பும் உத்தரவாதத் தாள் வெறும் படம். அது உங்கள் வங்கி வழியாக, வங்கிக்கும் வங்கிக்கும் இடையிலான செய்தியாக வர வேண்டும். காலாவதி நாளையும் பாருங்கள். பொருள் வர வேண்டிய நாளுக்குப் பின்னும் சில வாரம் அது உயிரோடு இருக்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் கட்டணம் உண்டு. சிறிய தொகைக்கு அது சுமை. அங்கே நடுவர் கணக்கான எஸ்க்ரோ பயன்படும். உங்கள் பணம் மூன்றாமவரிடம் நிற்கும், பொருளைப் பார்த்து நீங்கள் சரி சொன்ன பிறகு விற்பவருக்குப் போகும். ஆனால் எந்த எஸ்க்ரோ என்பதை விற்பவர் தேர்ந்தெடுக்கக் கூடாது. "இந்த இணைப்பில் போய்க் கட்டுங்கள்" என்று அவரே அனுப்பும் எஸ்க்ரோ தளம் பல நேரம் மோசடிக்காரனே நேற்றுத் திறந்த கடையாக இருக்கும்.

சட்டநூல்

சட்டம் கற்பிக்கிறவள். பழைய படிக்கட்டு எழுதியதைப் படித்ததும் வகுப்பில் நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்லும் ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது.

நியூசிலாந்தில் கோல்டுகார்ப் எக்ஸ்சேஞ்ச் என்ற நிறுவனம் தங்கம் விற்றது. வாங்கியவர்கள் முழு விலையும் கட்டினார்கள். தங்கத்தை நிறுவனமே பாதுகாத்து வைக்கும், கேட்கும்போது தரும் என்ற வாக்கோடு சான்றிதழ் பெற்றுக்கொண்டு போனார்கள். 1988-இல் நிறுவனம் வீழ்ந்தது. பெட்டகத்தில் இருந்த தங்கம் எல்லோருக்கும் போதவில்லை. நிறுவனத்தின் சொத்துகள் மீது வங்கிக்கு ஈட்டுரிமை இருந்தது. 1994-இல் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. எந்தக் கட்டி யாருடையது என்று பிரித்து ஒதுக்காத வரையில் எந்தக் கட்டியும் வாங்கியவருடையது ஆகவில்லை என்றது. முழுப்பணம் கட்டியவர்கள் வெறும் கடன் கொடுத்தவர்களாக நின்றார்கள். தங்கம் முன்பே தனியாக ஒதுக்கப்பட்டிருந்த ஒரு சிறு குழுவினருக்கு மட்டுமே அந்த அளவில் உரிமை கிடைத்தது.

இதற்கு எதிர்முனையில் கேஃபோர்டு என்ற இங்கிலாந்து நிறுவனத்தின் வழக்கு. அஞ்சல்வழி விற்பனை செய்தவர்கள். தொழில் ஆட்டம் காண்பது தெரிந்ததும், இன்னும் அனுப்பாத பொருள்களுக்கு வாடிக்கையாளர் கட்டிய பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைத்தார்கள். நிறுவனம் கலைக்கப்பட்டபோது, அந்தப் பணம் வாடிக்கையாளருக்காக வைத்த அறக்கட்டுப் பணம், மற்றக் கடன் கொடுத்தவர்களுக்குப் போகாது என்று நீதிமன்றம் சொன்னது. அந்த இயக்குநர்களை நான் ஒருபோதும் பார்த்ததில்லை. ஆனாலும் அவர்கள்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பணம் தனியாக நிற்க வேண்டும், அல்லது பொருள் உங்கள் பெயரில் தனியாக நிற்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் கையில் இருப்பது ஒரு வாக்கு மட்டுமே. நாட்டுக்கு நாடு சட்டம் மாறும் என்றாலும் இந்தக் கேள்வி எங்கும் கேட்கத்தக்கது. மெஷினுக்கு வரிசை எண் பொறித்த பிறகு, "இந்த எண் கொண்ட இயந்திரம் இந்த நாள் முதல் வாங்குபவரின் உடைமை" என்று விலைப்பட்டியலில் எழுதி வாங்குங்கள். அது எல்லா இடத்திலும் முழுக் காப்பு என்று சொல்ல மாட்டேன். இருந்தும் அந்த வரி இல்லாதவரை விட நீங்கள் நெடுந்தூரம் முன்னால் நிற்பீர்கள்.

இன்னொன்று. வணிகத்துக்காக எல்லை தாண்டி வாங்கும் பொருள்களுக்கென்று 1980-இல் வியன்னாவில் ஒரு ஐ.நா. உடன்படிக்கை உருவானது. பல நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. அதன் 58-ஆம் பிரிவு, பொருளைச் சோதித்துப் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும் வரை வாங்குபவர் விலையைக் கொடுக்கக் கடமைப்பட்டவர் அல்லர் என்கிறது. ஒப்புக்கொண்ட ஒப்படைப்பு அல்லது கட்டண முறை அதற்கு முரணாக இருந்தால் அந்த உரிமை இல்லை என்றும் அங்கேயே இருக்கிறது. அதாவது உரிமை உங்களிடம் முதலில் இருக்கிறது. "முழுப்பணம் முன்கூட்டியே" என்ற வரியில் கையொப்பமிடும்போது நீங்களே அதை விட்டுக்கொடுக்கிறீர்கள்.

மழைக்காலம்

எல்லோரும் விற்பவரைப் பற்றியே பேசுகிறீர்கள். என் பணத்தை விற்பவர் எடுக்கவில்லை. நடுவில் புகுந்த ஒருவன் எடுத்தான்.

மூன்று மாதம் ஒரு நிறுவனத்தோடு மின்னஞ்சலில் பேசினேன். பணம் அனுப்பும் வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. கணக்குத் தணிக்கை நடப்பதால் இந்தப் புதிய கணக்கில் போடுங்கள் என்று இருந்தது. அதே பெயர், அதே கையொப்பம், எங்கள் பழைய உரையாடல் முழுவதும் கீழே. முகவரியில் ஓர் எழுத்து மட்டும் வேறு. நான் கவனிக்கவில்லை. பதினொரு நாள் கழித்து உண்மையான விற்பவர், பணம் இன்னும் வரவில்லையே என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

கணக்கு எண் மாறினால் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள். அந்தக் கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கு அல்ல. முன்பே உங்களிடம் இருந்த எண்ணுக்கு. பெரிய தொகைக்கு முன்னால் மிகச் சிறிய தொகை ஒன்றை அனுப்பி, வந்ததா என்று குரலில் கேட்டுக்கொள்ளுங்கள். தவணையாகக் கொடுத்திருந்தால் எனக்கும் ஒரு தவணைதான் போயிருக்கும்.

இழைநூல்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எல்.சி. பற்றி என் வங்கியில் விசாரித்தேன். என் தொகைக்கு அதன் கட்டணம் தள்ளுபடியில் பெரும் பங்கைத் தின்றுவிடும். அதனால் உளிச்சத்தம் ஐயாவின் அளவுகோலை எடுத்துக்கொண்டு விற்பவருக்கு எழுதினேன். தள்ளுபடி வேண்டாம் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். 30 விழுக்காடு இப்போது. மெஷின் முடிந்து, வரிசை எண்ணோடு ஓடிக்காட்டி, நான் அனுப்பும் ஒருவர் நேரில் பார்த்த பிறகு 60. இங்கே பொருத்தி முதல் ரீம் வெட்டிய பிறகு 10. பொருத்தத் தேவையில்லாத பொருளுக்கு இப்படிக் கேட்டிருக்க மாட்டேன் என்றும் எழுதினேன்.

நான்கு நாள் பதில் இல்லை. மிகவும் கவலைப்பட்டேன். ஐந்தாம் நாள் அவர்களுடைய மேலாளரே எழுதினார். 40, 50, 10 என்றால் சம்மதம், முன்னுதாரணமாக யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதாததால் வாக்கை மீறவில்லை என்று நினைக்கிறேன். 40 எனக்குக் கொஞ்சம் அதிகமாகப் படுகிறது. ஒப்புக்கொள்ளலாமா?

உளிச்சத்தம்

ஒப்புக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக் பகுதியும் கத்தியும் அவர்களும் வெளியில்தான் வாங்குவார்கள், 40 நியாயமான எண். கடைசி 10-ஐ மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். பொருளை அனுப்பிய பிறகு விற்பவர் உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுவது அந்தப் பத்துக்காகத்தான்.

வங்கி மேசை

கையொப்பமிடும் முன் ஒன்றைப் பாருங்கள். வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது? சரக்குக்கு யார் எதுவரை பொறுப்பு என்று வகுக்கும் பன்னாட்டு வணிக விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020-இல் 11 வகை உண்டு. சி.ஐ.எஃப். என்று போட்டிருந்தால் கப்பல் கட்டணத்தையும் காப்பீட்டையும் விற்பவர் கட்டுவார். அதைப் பார்த்து, பொருள் நம் துறைமுகம் வரும்வரை அவர் பொறுப்பு என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். கப்பலில் ஏற்றிய அந்த நொடியே ஆபத்து உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. அவர் எடுக்கக் கடமைப்பட்ட காப்பீடும் மிகக் குறைந்த வகைதான். டி.ஏ.பி. என்று கேட்டுப் பாருங்கள், உங்கள் இடம் வந்து இறக்கத் தயாராகும் வரை பொறுப்பு அவருடையது. பணம் எப்போது தருவது என்பதைப் பற்றியோ உடைமை எப்போது மாறும் என்பதைப் பற்றியோ இந்த விதிகள் எதுவும் சொல்வதில்லை. அவற்றைத் தனியாக எழுத வேண்டும்.

இழைநூல்

டி.ஏ.பி. என்றே மாற்றிக்கொண்டார்கள். கணக்கு எண்ணைக் குரலில் உறுதிசெய்துகொண்டு முதல் தவணை அனுப்பிவிட்டேன். மெஷின் வந்ததும் எழுதுகிறேன்.

இழைநூல்

பதின்மூன்று வாரம் ஆகிவிட்டது. மெஷின் வந்து, பொருத்தி, ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் அனுப்பிய சோதனையாளர் தொழிற்சாலையில் ஒரு குறை கண்டுபிடித்தார். கை உள்ளே இருந்தால் கத்தியை நிறுத்தும் ஒளிக்கதிர்த் தடுப்பு, ஒப்பந்தத்தில் இருந்த வகை அல்ல. மலிவானது. மாற்றினால்தான் இரண்டாம் தவணை என்று சொன்னேன். இரண்டு வாரம் தாமதமானது, மாற்றிவிட்டார்கள். இங்கே வந்தபின் அழுத்துபலகை ஒருபக்கம் தாழ்ந்திருந்தது. கடைசி 10 கையில் இருந்ததால் ஒரு தொழில்நுட்பர் காணொளி அழைப்பில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து சரிசெய்ய வைத்தார். அன்று மாலையே மீதியை அனுப்பினேன். அனுப்பும்போது மனதார நன்றி சொல்லியே அனுப்பினேன். நல்ல மெஷின், நல்ல மனிதர்கள். அந்தத் தடுப்பை நான் பார்க்காமல் விட்டிருந்தால் என் கூடத்தில் வேலை செய்யும் பெண்ணின் விரல்கள்தான் விலை கொடுத்திருக்கும்.

தனிவழி

மன்னிக்கவும், நான் தாமதமாக வருகிறேன். உங்கள் எல்லோருக்கும் கொடுக்கும் முன்பே கேட்கத் தோன்றியது. நான் கொடுத்துவிட்டேன்.

ஒலிப்பதிவுக் கருவி ஒன்றுக்குக் கடன் அட்டையில் முழுப்பணம் கட்டினேன். ஆறு வாரத்தில் வரும் என்று விலைப்பட்டியலில் தேதி போட்டுத் தந்தார்கள். அந்தத் தேதி கடந்து இன்றோடு 104 நாள். கேட்கும்போதெல்லாம் அடுத்த வாரம் என்கிறார்கள். நேற்று, பொருள் சுங்கத்தில் நிற்கிறது, விடுவிக்க இன்னும் ஒரு தொகை அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அனுப்பிவிட்டால் கிடைத்துவிடுமோ என்று தோன்றுகிறது.

வங்கி மேசை

தம்பி, அந்தத் தொகையை அனுப்பாதீர்கள். சுங்க வரியைச் சுங்கத்துறையோ சரக்கைக் கொண்டுவரும் நிறுவனமோதான் எண் குறிப்பிட்டு உங்களிடம் கேட்கும். எந்தச் சரக்கு நிறுவனம், எந்தக் கண்காணிப்பு எண் என்று எழுத்தில் கேளுங்கள்.

அதைவிட அவசரம் வேறொன்று. கடன் அட்டையில் கட்டியது நல்லதாயிற்று. பொருள் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கும் சார்ஜ்பேக் முறை இருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவான காலக்கெடு 120 நாள். பொருள் வராத வழக்கில் அது பணம் கட்டிய நாளிலிருந்து அல்ல, பொருள் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓடும். பணம் கட்டியதிலிருந்து 540 நாளைத் தாண்டவும் கூடாது. உங்களுக்கு 16 நாள் மீதம் இருக்கிறது. வங்கி தாள்களைப் பார்க்கவும் நாள் பிடிக்கும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று சொல்லப்படுவதில் இந்தக் காலக்கெடு கரைந்துபோவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சில விற்பவர்களுக்கு அந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

பேபால் வழியாகக் கட்டியவர்களுக்கு நாள் வேறு. கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் தகராறு தொடங்க வேண்டும், தொடங்கிய 20 நாளுக்குள் அதைக் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் மூடிவிடுவார்கள். கட்டணம் மிச்சம் என்று விற்பவர் சொன்னதைக் கேட்டு, நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் அனுப்பும் வகையில் அனுப்பியிருந்தால் அந்தப் பாதுகாப்பே கிடையாது.

சட்டநூல்

இன்றே விற்பவருக்கு ஒரு கடிதமும் அனுப்புங்கள். தேதி கடந்துவிட்டது, இன்ன நாளுக்குள் பொருள் வராவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு முழுப்பணத்தையும் திருப்பிக் கேட்கிறேன் என்று மூன்று வரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 நுகர்வோர் உரிமை நெறிமுறையில் இதே வரிசைதான் இருக்கிறது. வேறு நாள் பேசிக்கொள்ளாவிட்டால் 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும், தவறினால் வாங்குபவர் பொருத்தமான கூடுதல் அவகாசம் தர வேண்டும், அதுவும் தவறினால் முடித்துக்கொள்ளலாம். உங்கள் நாட்டில் சட்டம் எப்படியிருந்தாலும் இந்தக் கடிதம் வங்கிக்குக் காட்டும் சான்றாகும். அவகாசத்தை ஐந்து நாளுக்கு மேல் தராதீர்கள், உங்களிடம் நாள் இல்லை. அந்த ஐந்து நாள் முடியட்டும் என்று வங்கிக்குப் போகாமல் இருக்கவும் வேண்டாம். தொலைபேசியில் எதையும் பேசாதீர்கள். புதிய தேதி எதற்கும் "சரி" என்று எழுதிவிடாதீர்கள்.

பழைய படிக்கட்டு

விற்பவரின் பழைய கடிதங்கள், விலைப்பட்டியல், அவருடைய இணையதளத்தில் இருக்கும் பொருள் விவரம் எல்லாவற்றையும் இன்றிரவே படமெடுத்து வையுங்கள். என் பட்டறைக்காரரின் தளம் ஒரே நாளில் மறைந்துபோனது.

தனிவழி

நேற்றிரவு கடிதம் அனுப்பிவிட்டு இன்று காலை வங்கிக்குப் போனேன். அங்கிருந்தவர் பணம் கட்டிய தேதியைப் பார்த்து, 120 நாள் எப்போதோ கடந்துவிட்டதே என்றார். விலைப்பட்டியலில் ஒப்படைப்புத் தேதி இருந்த வரியைக் காட்டினேன். உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்து விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார். பதிவு எண் கொடுத்திருக்கிறார்கள். முடிவு தெரியச் சில வாரம் ஆகலாமாம்.

மாலையில் விற்பவரிடமிருந்து நான்கு முறை அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. சொல்ல வேண்டியதை எழுத்தில் அனுப்புங்கள் என்று ஒரு வரி மட்டும் அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.